காதுக்குக் கேட்காத காவலர்கள்

குடிநீர் வாரியத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாருக்கும் அவர் காதுதான். வயதில் சின்னவர்கள் காதண்ணே என்பார்கள். பொறியாளர் அம்மாவோ, "காதை வரச் சொல்லுங்கப்பா" என்பார். அப்படி என்ன பெரிய காது என்று போய்ப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். சாதாரணக் காது, இடது மடலில் ஒரு மச்சம், அவ்வளவுதான்.

தரைக்கு அடியில் ஒழுகுகிற தண்ணீரைக் கேட்பது அவருடைய வேலை. சாலைக்குக் கீழே எங்கோ குழாய் விரிசல் விட்டிருக்கும். மேலே பொட்டு ஈரம் தெரியாது, ஆனால் அந்தத் தெருவுக்குக் கிளம்பிய தண்ணீரில் பாதி போய்ச் சேராது. எங்கே தோண்டுவது? ஊரையே தோண்டிப் போட முடியுமா? விடியற்காலையில், வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், இவர் ஒரு நீளமான இரும்புக் கம்பியை வால்வின் தலையில் ஊன்றி, கம்பியின் மேல்முனையில் இருக்கிற கிண்ணத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். வாரியம் வாங்கிக் கொடுத்த மின்கருவியும் ஹெட்போனோடு உண்டு. அதன் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அதையும் மாட்டிக்கொள்வார். இரண்டு விதமாகவும் கேட்டுவிட்டு, சாக்பீஸால் தார்ச்சாலையில் ஒரு வட்டம் போடுவார். அங்கே தோண்டுவார்கள். கூடவே போகிறவனுக்குச் சாவி என்று பெயர். வால்வு திறக்கிற ஆளுயரத் திருகுச்சாவியைத் தோளில் சுமந்துகொண்டு திரிகிறவன். "காதண்ணன் வட்டம் போட்டா தண்ணி தானா வந்து கையைத் தூக்கும்" என்று அவன் டீக்கடையில் அளந்துவிடுவான். பாதியாவது உண்மை.

இந்தக் காதைப் பற்றி அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அப்பாவுக்கு நாற்பது தாண்டியதும் காது மந்தமானது. பிறகு அக்காவுக்கும். அடுத்த தெருவில்தான் அவள் இருக்கிறாள், அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தே பார்த்தார். முதலில், எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று சண்டை போட்டாள். அப்புறம் அவள் வீட்டு டிவி தெருவுக்கே கேட்டது. அப்புறம் சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். நாலு பேர் சிரித்தால் தானும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். ஊர் இரைச்சலையெல்லாம் வாரி மண்டைக்குள் கொட்டுகிறது என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இப்போது தம்பிக்கும் நாற்பது தாண்டிவிட்டது. காது போனால் வேலை போகும். வேலையோடு பெயரும் போகும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் விளையாட்டைத்தான் சொல்கிறேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் அவருடைய மனைவியின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம், அங்கே நிறைய இடம் இருக்கிறது.

அந்த விளையாட்டின் பெயர் 'பூனைநடை'. அவர் பள்ளிக்கூடம் போகிற பையனாக இருந்தபோது வந்தது. ஒரு கோட்டை, உள்ளே காவலர்கள், வெறுங்கையோடு நீங்கள். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய், சிறையில் இருக்கிறவனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். விளக்கை ஊதி அணைக்கலாம், இருட்டில் ஒண்டலாம், காதைத் தீட்டிக்கொள்ளலாம். கல்தரையில் காவலன் நடந்தால் ஒரு சத்தம், மரப்பலகையில் ஒரு சத்தம், கம்பளத்தில் சத்தமே இல்லாத ஒரு சத்தம். ஒருவன் இருமுவான், ஒருவன் மூக்கை உறிஞ்சுவான். வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது, எத்தனை தூரம் என்று எல்லாம் காதுதான் சொல்லும்.

அப்போது வீட்டில் ஒரே ஒரு இயர்போன். அப்பாவுக்கு அப்போது காது நன்றாகவே கேட்டது. இரவு வேலை முடிந்து பகலில் பக்கத்து அறையில் தூங்குவார், அதனால் ஸ்பீக்கர் போடக் கூடாது. எனவே இடது முனை தம்பிக்கு, வலது முனை அக்காவுக்கு. இடப்பக்கத்துக் காவலன் வருவது தம்பிக்கு மட்டும் கேட்கும், வலப்பக்கத்துக் காவலன் அக்காவுக்கு மட்டும். வாயைத் திறந்தால் அப்பா எழுந்துவிடுவார். அக்கா அவர் தோளில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தூரத்தில் வருகிறான். படபடவென்று தட்டினால் வந்தே விட்டான். அப்படித்தான் இருவருமாக அந்தக் கோட்டையைக் கடந்தார்கள். தன்னுடைய காதை வளர்த்தது வாரியம் இல்லை, பூனைநடைதான் என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

எத்தனையோ வருடம் கழித்து, வேறொரு பெரிய கம்பெனி பூனைநடையைப் புதிதாக எடுக்கப் போவதாக அறிவித்தபோது அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பழைய ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது, பெயர் 'கிழட்டுப் பூனைகள்'. அதில் தலைவர் இவர்தான். இவர் போட்ட சட்டமும் ஒன்று உண்டு: புது விளையாட்டு வந்ததும், முழுதாக முடிக்காதவன் குழுவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, எவனும் எவனிடமும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கதை தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் அல்லவா. இந்தச் சட்டம் தன் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

வெளியான நாளன்று லீவு போட்டார். "நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கல" என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது விளையாட்டில் ஏகப்பட்ட வசதிகள் வைத்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் நிற்கிற காவலன் சிவப்பாகத் தெரிவான், போகிற வழிக்கு அம்புக்குறி வரும், சத்தம் வருகிற திசையில் வளையம் வளையமாக ஒளி எழும். சீ, இதெல்லாம் நமக்கா என்று ஒன்றுவிடாமல் அணைத்துப்போட்டார். கிழட்டுப் பூனைகளுக்கு அது கௌரவப் பிரச்சினை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, கோட்டைக்குள் காலை வைத்தார்.

வைத்த உடனே மாட்டிக்கொண்டார். சரி, பழக்கம் விட்டுப்போயிற்று என்று மறுபடி போனார். மறுபடியும் பிடித்தார்கள். இடப்பக்கம் என்று நினைத்த காலடி வலப்பக்கம் வந்து கழுத்தைப் பிடித்தது. கல்லா, பலகையா, கம்பளமா, எதுவும் புரிபடவில்லை. எல்லாம் ஒரே டக் டக். ஹெட்போனை மாற்றிப் பார்த்தார். காதைச் சுத்தம் செய்து பார்த்தார். சாயங்காலம் வரைக்கும் முதல் வாசலைத் தாண்ட முடியவில்லை. விளையாட்டைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. பூனைநடை தப்புப் பண்ணுமா? பண்ணாது. அப்படியானால் காதுதான். தலைமுறையாக வந்தது அவரிடமும் வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் பள்ளிக்கூடச் சுவரோரம் கம்பியை ஊன்றினார். உஸ்ஸென்ற சீறல் கேட்டது. நேற்றுவரை என்றால் சாக்பீஸ் தானாகக் கீழே இறங்கியிருக்கும். இன்றைக்குக் கை இறங்கவில்லை. கருவியும் அதையே சொன்னது, ஆனால் கருவியைக் கேட்பதும் இந்தக் காதுதானே.

"சாவி, நீ கொஞ்சம் கேட்டுப் பாரு" என்றார்.

சாவி குனிந்து கிண்ணத்தில் காதை வைத்தான். "எனக்கு என் வயித்துச் சத்தம்தான் கேக்குது அண்ணே. இன்னும் டீ குடிக்கல."

வட்டம் போடாமலே திரும்பினார்கள். சாவி வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு நாள் இப்படிப் போனது. வெள்ளிக்கிழமை அவர் பொறியாளர் அம்மாவின் அறைக்குப் போய், "மேடம், என்னை ஸ்டோருக்கு மாத்திடுங்க. வெளி வேலைக்கு வேற ஆளைப் போடுங்க" என்றார்.

"ஏன், உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல மேடம். போதும்னு தோணுது."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "திங்கட்கிழமை வரைக்கும் நல்லா யோசிங்க. அப்பவும் இதையே சொன்னீங்கன்னா மாத்திடறேன்."

சனிக்கிழமை மனைவியிடம் சொல்லிவிட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"காது கேக்கலையா? நேத்து அடுப்படியில நின்னு உங்களைப் பத்தி எனக்குள்ளேயே முனகிட்டு இருந்தேன். ஹால்ல இருந்து 'யாரைச் சொல்ற'ன்னு கேட்டீங்களே, அது எப்படி?"

"அது வேற, இது வேற" என்றார் அவர்.

"என்ன வேற? என் பேச்சு மட்டும் கேக்குற காதுன்னு தனியா வச்சிருக்கீங்களா?" அவள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சரிங்க. டாக்டர்கிட்ட போவோம். நானும் கூட வரேன்."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குழுவில் அவருக்கு அடுத்தபடியாக இருக்கிற மூத்த பூனை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"தலைவரே, சட்டத்தை மீறித்தான் பேசறேன், மன்னிச்சுக்கோங்க. முடிச்சிட்டீங்களா?"

"இல்ல" என்றார் காது.

"முடிக்காதீங்க. காறித் துப்பணும்போல இருக்கு. நம்ம பூனைநடையைக் கொன்னு புதைச்சுட்டானுங்க. குழுவுல எல்லாரும் அழறாங்க தலைவரே. கதையை விடுங்க. அந்தக் காலடிச் சத்தம்! கல்லு, கட்டை, கம்பளம், எல்லாத்துக்கும் ஒரே சத்தத்தை ஒட்டி வச்சிருக்கானுங்க. வலது இடதுகூடக் கிடையாது. ஒருத்தனாலயும் காதால ஆட முடியல."

காது எழுந்து நின்றுவிட்டார். "திரும்பச் சொல்லுங்க."

"வலது இடது கிடையாதுங்கறேன். கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான், எல்லாரும் அம்புக்குறியைப் பார்த்துதான் ஆடுவாங்கன்னு சத்தத்தைக் கவனிக்காம விட்டுட்டானாம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் மூன்றாம் முறையும் சொன்னார். மறுமுனையில் விசும்பல் கேட்டது. பாவம், மனுஷன் உடைஞ்சு போயிட்டாரே என்று நினைத்து அவர், "மனசைத் தேத்திக்கோங்க தலைவரே, நமக்குப் பழசு இருக்கு" என்றார். இவர் அழுதது வேறு எதற்கோ என்பது அந்த நல்லவருக்கு இன்றுவரை தெரியாது. போனை வைத்ததும் மனைவியைக் கட்டிக்கொண்டு, "படுமோசமான விளையாட்டாம், எல்லாரும் திட்டுறாங்க" என்று சிரித்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவள் ஒரு நொடி பயந்தது நிஜம்.

திங்கட்கிழமை விடியலில் பள்ளிக்கூடச் சுவரோரம் வட்டம் விழுந்தது. தோண்டினார்கள், தண்ணீர் பீறிட்டது. பொறியாளர் அம்மா, "ஸ்டோருக்கு மாத்தறதைப் பத்தி..." என்று தொடங்கியபோது, "எந்த ஸ்டோர் மேடம்?" என்றார் காது. ஆனால் மனைவி விடவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இப்போதைக்குக் காது நன்றாகவே இருக்கிறது, அக்காவுக்கு வந்தது தம்பிக்கு வந்தே தீரும் என்று இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். யாரிடமாவது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதற்கு அக்காவை விட்டால் ஆள் இல்லை. அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், அதனால் நேருக்கு நேர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஸ்டோர் கேட்டது வரை சொன்னார். அக்கா சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"என்னை மாதிரி ஆயிடுவோம்னா அவ்வளவு பயமாடா உனக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்றார்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு" என்றாள். "யாரும் கேக்கல." பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்க, அந்தக் கண்ராவியக் காட்டு."

காது ஹெட்போனை எடுக்கப் போய்க் கையை நிறுத்தினார். அணைத்துப்போட்டிருந்த வசதிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, நாற்காலியை அக்காவின் இடப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவருக்குப் பின்னால் காவலர்கள் சிவப்பாக நடந்தார்கள். காலடி விழுகிற இடத்திலெல்லாம் வளையம் வளையமாக ஒளி எழுந்தது. அக்கா திரையில் மூக்கை ஒட்டவைத்து உட்கார்ந்தாள். முதலில் தடுமாறினாள். பிறகு விளக்கை ஊதி அணைத்தாள், இருட்டில் ஒண்டினாள், ஒருவனைத் தாண்டவிட்டு அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் நழுவினாள். அவரால் தாண்டவே முடியாத முதல் வாசலைத் தாண்டிவிட்டாள்.

"நல்லாத்தானேடா இருக்கு. எதுக்கு இத்தனை பேர் திட்டுறாங்க?"

பூனைநடையைப் பற்றி யார் எது சொன்னாலும் மல்லுக்கு நிற்கிற மனிதர், அடுத்த வாசலைக் கைகாட்டினார்.

போன் அடித்தது. கண்ணாடிக்கடைக்காரர். கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதப் போகிறார்களாம், எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள், தலைவர் பெயரைத்தான் முதலில் போட வேண்டும், போடலாமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் விரல் அவர் தோளில் விழுந்தது. ஒரு தட்டு. வலப்பக்கம், தூரத்தில் ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் காது, போனில் மெதுவாக. "அக்கா விளையாடிட்டு இருக்கா."