மண்டபத்தூர் மேட்டில் எடுத்த பயிற்சி

இந்தக் கதையை நீங்கள் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், அதுவும் முகத்துக்கு நேராக. பேய், ஜின், காத்துக் கருப்பு எதையும் நான் நம்பினவனில்லை. எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் விடவில்லை என்றால் ஓதின தண்ணீர் வாங்கப் போவார்கள், நான் முதலில் ரத்த டெஸ்ட் எடுங்கள் என்று கத்துவேன். இப்போது நம்புகிறாயா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

காரைக்காலில் எனக்கு டைல்ஸ் கடை. வயது நாற்பத்து மூன்று. மேற்கே ஒரு மலையில் வருடா வருடம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது, மலையின் பெயர் வேண்டாம், நடத்துகிறவர்களுக்கு எதற்கு வம்பு. ரோடு கிடையாது, காட்டுப்பாதை, கல்லும் வேரும் ஏற்றமும் இறக்கமும்தான். அதை எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. யாரும் கேட்கவில்லை, பரிசும் கிடையாது. இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் எட்டரை மணி நேரம் ஆனது. மூன்றாவது தடவைக்குப் பணம் கட்டியது தெரிந்ததும் என் மனைவி ஜமீலா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இதான் கடைசி மச்சான். எட்டு மணி நேரத்துல முடிச்சிட்டீங்கன்னா ஆயுசுக்கும் ஓடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். முடிக்கலன்னா அந்த ஷூவ எடுத்து யாருக்காச்சும் குடுத்துடணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம். கடை, வீடு, சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து என்று எல்லாவற்றிலும் என்னிடம் பங்கு கேட்க ஆள் இருக்கிறது, அந்த ஓட்டம் மட்டும்தான் என்னுடையது. அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மலையில் ஓட மலையில்தான் பழக வேண்டும். எங்கள் ஊரிலோ தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கும், அவ்வளவு மட்டம். அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பார்த்தேன், லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்புறம்தான் மண்டபத்தூர் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அந்த மேட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு மாடி உயரத்துக்கு மணல் மேடு, மேலெல்லாம் அடப்பங்கொடி. எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்போம், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம் என்பார்கள். ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது நான் லுஹர் தொழுதுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்கி, கால் நடுங்கும் வரைக்கும். மூன்று மாதம் இப்படிப் போனது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தோப்பு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். செல்வமணி என்று பெயர், கடலுக்குப் போகிறவர்.

"சார், தெனமும் பாக்குறேன். அதுல ஏறாதீங்க சார்."

"ஏன், யாரோட எடம்?"

"யாரோடதுன்னு சொல்றது. கடல்ல செத்துக் கரை ஒதுங்குன ஆளுங்கள அந்தக் காலத்துல அங்கதான் பொதைச்சிருக்காங்க. ஊரு பேரு தெரியாதவங்க. எங்க புள்ளைங்க வெளையாடக்கூட அதுல கால் வைக்காது."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது வந்து சொல்கிறார். "ஒரு கல்லு இல்ல, ஒரு வேலி இல்ல, எனக்கு எப்படிய்யா தெரியும்? செத்தவங்களுக்கு வலிக்கவா போவுது?" என்று கேட்டேன்.

"வலிக்குதோ இல்லையோ, மிதிக்கிறது மிதிக்கிறதுதானே சார்" என்றார், ஊசியைக் கீழே வைக்காமல்.

இங்கேதான் நான் செய்த தப்பு. கபர் மேல் கால் வைக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் மூன்று வாரத்தில் வேறு மேட்டுக்கு நான் எங்கே போவது? அன்றைக்கு அவர் கண் முன்னாலேயே, வீம்புக்கு, பத்துத் தடவை அதிகமாக ஏறி இறங்கினேன். அடுத்த நாளும் போனேன். கிளம்புகிற வாரம் வரைக்கும் போனேன்.

பந்தயம் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. நம்பினால் நம்புங்கள், உடம்பு அன்றைக்கு வெண்ணெயாக ஓடியது. மேட்டுப் பயிற்சி வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே திமிர். கடைசி ஏற்றத்தின் அடியில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் பனியன்காரர் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார், சேலத்துக்காரர், பாதி வழியில் பேச்சுக் கொடுத்தவர். அவரைத் தாண்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். ஏறியதும் உச்சி, அப்புறம் நாலரை கிலோமீட்டர் இறக்கம்தான். கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

பாதி ஏற்றத்தில் கடல் வாடை அடித்தது. கடலோரத்தில் பிறந்தவன் நான், வேறு எதையும் கடல் என்று நினைத்து ஏமாற மாட்டேன். அந்த மலையிலிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டும். கூடவே பின்னால் காலடிச் சத்தம். பாதையெல்லாம் கல்லு, ஆனால் சத்தம் ஈர மணலில் ஓடுகிற சத்தம். மஞ்சள் பனியன் என்று நினைத்து வழி விட்டு ஒதுங்கினேன். யாரும் தாண்டிப் போகவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதே யாரோ என் குதிகாலை மிதித்தார்கள்.

குப்புற விழுந்தேன். உள்ளங்கை இரண்டும் சிராய்த்துவிட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன், அதற்குள் கெண்டைக்காலில் ஒரு பாதம். அப்புறம் தொடையில், இடுப்பில், முதுகில், பிடரியில். ஒரு முழு ஆளின் கனம். சில்லென்று ஈரமாக இருந்தது. என் தலையை அழுத்தி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நடக்கவில்லை, ஓடியது. நான் எப்படி ஓடினேனோ அப்படியே.

மூச்சு வாங்கிக்கொண்டு தலையைத் தூக்கினால் அடுத்தது ஏறுகிறது. அது இன்னும் கனம். அப்புறம் இன்னொன்று. நாலாவது வந்தது சின்னக் கால், அதற்கு முதுகைத் தாண்ட ரொம்ப நேரம் பிடித்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது. பகல் ஒரு மணி, தலைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது, ஒரு நிழல்கூட என் மேல் விழவில்லை. இடது கை முகத்துக்கு நேராகக் கிடந்தது, அதில் கடிகாரம். பந்தயம் கிளம்பினதிலிருந்து கணக்கு, விழும்போது ஏழு மணி நான்கு நிமிடம். அது பாட்டுக்கு ஓடுகிறது. ஏழு பத்து. ஏழு பதினைந்து. என் மேல் ஏறுகிறவர்களை விட அந்தக் கடிகாரத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இறங்குங்கடா என்று கத்தினேன், வாய் நிறைய மண், சத்தம் வரவில்லை. வாயில் வராத கெட்ட வார்த்தையெல்லாம் மனதுக்குள் சொன்னேன். ஏழாவது ஆள் முதுகில் நிற்கும்போது கெஞ்சினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சினேன். அல்லாவிடம்கூட இல்லை, அவர்களிடம்.

"இத மட்டும் முடிச்சுக்கறேன். எட்டு மணி நேரத்துல முடிச்சிட்டு நானே வந்து படுத்துக்கறேன்."

அந்த நொடியே கனம் இறங்கிவிட்டது.

ஏழு மணி பத்தொன்பது நிமிடம். நான் எழுந்து ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஒரு ஓட்டத்தை நான் வாழ்க்கையில் ஓடியதில்லை. இறக்கத்தில் மஞ்சள் பனியன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், நான் கீழே கிடந்தபோது தாண்டிப் போயிருக்கிறார். அவரை இடித்துத் தள்ளாத குறையாகத் தாண்டினேன். ஏழு மணி ஐம்பத்தேழு நிமிடத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டேன். கழுத்தில் மெடல் போட்டார்கள், புல்லில் போய் உட்கார்ந்தேன், சந்தோஷமே வரவில்லை.

நாலு நிமிடம் கழித்து வந்தார் மஞ்சள் பனியன். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒடம்பு பரவால்லைங்களா? அங்க விழுந்து கெடந்தீங்களே, பயந்துட்டனுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்துட்டும் நிக்காம போயிட்டீங்களே. மனுஷனா நீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இல்லீங்க, பக்கத்துல அத்தன பேரு நின்னாங்களே. அவிங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

"எத்தன பேரு?"

"எண்ணலீங்க. உங்க காலுக்கிட்ட இருந்து வரிசையா நின்னுட்டு இருந்தாங்க. கீழ வளைவு வரைக்கும் நின்னாங்க, அதுக்கு அப்பால மரம் மறைச்சிருச்சு."

என் மேல் ஏறினது ஏழு பேர்.

ஊருக்கு வந்ததும் ஜமீலாவிடம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டைப் பற்றிச் சொன்னதும், "கபரு மேலயா ஓடுனீங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டுக்குக் கீழேயே நின்று துஆ கேட்டாள். செல்வமணி வலையை எடுத்துக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து நான் ஓடவில்லை. மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்தால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன், சாய்வதுகூட இல்லை.

"அஞ்சு மாசம் ஆச்சு மச்சான், அதெல்லாம் முடிஞ்சிபோச்சு, அவங்கதான் எரக்கப்பட்டு ஒங்கள விட்டுட்டாங்களே" என்கிறாள் ஜமீலா. சொன்ன சொல் தவறாமல் ஷூவை அவளே துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள், போய் ஓடுங்கள் என்கிறாள். என்ன சொன்னதும் அவர்கள் என்னை விட்டார்கள் என்பதை மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.