அக்காவின் உடம்பில் இருந்த தங்கம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. அழுது ஓய்ந்த பிறகு இந்த நினைவு மலருக்கு எழுதலாம் என்றிருந்தேன். ஓயவில்லை, ஆகவே அழுதுகொண்டே எழுதுகிறேன். சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, ஓப்பநாயக்க ஊருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவர். எனக்கு விவரம் தெரியுமுன்பே அம்மா கண்மூடிவிட்டதால் எனக்குச் சோறூட்டி வளர்த்தவர் அவரே. அவர் கொழுந்து பறித்த காசில்தான் நான் தையல் பழகி, பெல்மதுளையில் கடை போட்டேன். மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போன வருடத்தில் அத்தானும் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அக்கா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். ஒற்றை மகளைக் காப்பாற்ற வேண்டுமே!

பிறகு அந்தக் கைகளுக்கே கேடு வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கினபடியே நிற்கும், நீட்ட வராது. மூட்டுகள் சிவந்து வீங்கி, தொட்டால் சுடும். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், டிஸ்பென்சரி மாத்திரையும் விழுங்கினார். சீழ்ப்பல்தான் வாதத்தைக் கிளப்புகிறது என்று வைத்தியர்கள் சொல்ல, கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை.

மகள்தான் தலை வாரிவிட்டு, சேலை சுற்றிவிட்டு, சோறும் ஊட்டினாள். நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தபோது, அம்மா தன் கையால் அள்ளிச் சாப்பிடும் வரை இந்த லயத்தை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வலியைவிட அந்தப் பேச்சுதான் அக்காவை அரித்தது. அதற்காகவே கை விளங்க வேண்டும் என்று கும்பிடாத சாமி இல்லை.

அப்போது ஆஸ்பத்திரிக்குப் புதிய டாக்டர் ஐயா ஒருவர் வந்தார். சிங்களவர், நம் தமிழைத் தடுமாறித் தடுமாறிப் பேசுவார். காசநோய்க்குப் போட்ட தங்க உப்பு ஊசியைப் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் ஒருவர் மூட்டு வாதத்துக்கும் போட்டு ஆராய்ந்து பலன் கண்டிருக்கிறாராம். ஆனால் சரியான அளவு இன்னும் எவருக்கும் நிச்சயமில்லை, சிலருக்கு வாய் புண்ணாகும், சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப் போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். வேண்டாம் என்றேன். அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஊசி போடும் நாளன்று அக்கா மகளைக் கொண்டு காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். நகை செய்யப் பத்தரிடம் நம் பொன்னை நாம்தானே கொடுக்கிறோம், தங்க ஊசிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார், பாவம். மருந்து கொடுக்கிறவர் சிரித்துவிட்டார். டாக்டர் ஐயா சிரிக்கவில்லை. இது சீமையிலிருந்து குப்பியில் வருகிற மருந்து என்று விளக்கி, தோட்டை அக்காவின் கையிலேயே வைத்தார்.

"அப்ப இது யாரு வீட்டுத் தங்கங்க ஐயா?" என்று கேட்டார் அக்கா.

வாரா வாரம் ஊசி. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பெருமழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் நான் போனபோது, அக்கா தட்டை மடியில் வைத்து ரசச்சோற்றைத் தானே பிசைந்துகொண்டிருந்தார். மகள் கதவோரம் நின்று விம்மினாள்.

"என்னடா பாக்கிற? ஒனக்கும் வேணுமா?" என்று என்னைக் கேலி செய்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தத் தை மாதமே கல்யாணம். அக்கா மகளுக்குத் தன் கையாலேயே தலை பின்னி, தன் தோட்டையும் போட்டுவிட்டார். தன் காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டார். தாலியறுத்தவள் முன்னால் நிற்கலாமா என்று முணுமுணுத்தவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

பங்குனியில் முகமும் காலும் ஊதின. சிறுநீரகம் கெட்டிருந்தது. ஊசியை உடனே நிறுத்தினார்கள், ஆனால் உள்ளே போன தங்கத்தை வெளியே எடுக்க மருந்து இல்லை என்றார்கள். டாக்டர் ஐயா கட்டிலருகே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க ஐயா. என் கை வெளங்குச்சு, புள்ள கரையேறிட்டா. அடுத்து வர்றவளுக்குக் கொறச்சுப் போடுங்க" என்றார் அக்கா. அந்த வாரமே போய்விட்டார்.

அந்த டாக்டர் ஐயாவுக்கு எங்கள் நன்றி. அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. இப்போது வேறொரு தோட்டத்துப் பெண்ணுக்கு அளவைக் குறைத்துப் போடுகிறாராம், அவள் கொழுந்துக்கும் போகிறாளாம். கேள்விப்பட்ட அன்று கடையை மூடிவிட்டு அழுதேன். பாடை கட்டிய லயத்துப் பிள்ளைகளுக்கும், மழையில் நனைந்துகொண்டே குழி வெட்டியவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, அக்காவைக் குளிப்பாட்டிய மேட்டு லயத்துப் பெரியம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். பொன்னோடு மண்ணில் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். காதையும் மூக்கையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒடம்புல பொன்னு ஏதும் இருக்காடி?" என்று அவர் அக்காவின் மகளைக் கேட்டார்.

"வெளிய ஒண்ணுமில்ல பெரியம்மா" என்றாள் அவள். "உள்ளதான் இருக்கு."

பெரியம்மா அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டித் துடைத்தார். ஒரு விரலும் மடங்கி நிற்கவில்லை.