ரிமோட்டைத் திறந்து பார்ப்பவர்

ரொட்டியை மேசையில் வைத்த கையோடு ப்ரோஃபிரா டி.வி. ரிமோட்டைத் தேடுவார். அது மெத்தைக்கு அடியில் இருந்தாலும், தூங்கும் பூனைக்கு அடியில் இருந்தாலும் விடமாட்டார். எடுத்து, கவிழ்த்து, கட்டைவிரல் நகத்தால் பின்மூடியைத் திறந்து, பேட்டரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவை ஊராட்சி அலுவலகம் கொடுத்த பச்சைப் பட்டை போட்ட பேட்டரிகளாக இருந்தால், அந்த வீட்டில் அன்று யாருக்கும் நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவை சுவரில் மாட்டும் வெள்ளைக் கருவிக்காகத் தரப்பட்டவை. கணப்பிலிருந்து கசியும் நச்சுப்புகைக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அந்தக் கருவிக்குத்தான் அது தெரியும், தெரிந்தால் அலறும். ஊரில் அதைக் 'கத்துற பெட்டி' என்போம். ரிமோட் வேலை செய்யாத வீட்டில் முதலில் ஊமையாவது கத்துற பெட்டிதான். பந்தாட்டம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவே பிடிபட்டார். ஆட்டம் முடிந்ததும் திருப்பிப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"போடுவே கோர்னெலு, போடுவே. காலைல எந்திரிச்சா கண்டிப்பா போடுவே," என்றார் ப்ரோஃபிரா.

வயது ஐம்பத்திரண்டு. ரொட்டிக் கடையின் வெள்ளை வண்டியை ஓட்டுகிறார். கம்பளித் தலைக்குட்டையை இரண்டு காதுகளும் மறையும்படி இறுக்கிக் கட்டியிருப்பார். வீட்டுக்குள் வந்தாலும் தளர்த்தமாட்டார். நாம் சொல்வதில் பாதிதான் அவர் காதில் விழும். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். கோட்டின் இடது பையில் புதுப் பேட்டரிகள், வலது பையில் சூரியகாந்தி விதைகள். குழந்தைகள் கை நீட்டினால் சில நாள் பை மாறிவிடும்.

காலையில் ஊருக்குள் இறங்கும் வளைவில் வண்டியை நிறுத்தி, கூரைகளைப் பார்ப்பார். எந்தப் புகைபோக்கியில் புகை வருகிறது, எதில் வரவில்லை என்று ஒரு கணக்கு. வெள்ளையாகத் திரண்டு வந்தால் ஈர விறகு. புகையே இல்லாத வீட்டுக்கு முதல் ரொட்டி. பெரும்பாலும் அது கோஸ்டாகே தாத்தாவின் வீடாக இருக்கும்; அவர் எட்டு மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டார்.

"இவ என்னைத் தூங்கவும் விடமாட்டா, சாகவும் விடமாட்டா," என்று அவர் போர்வைக்குள்ளிருந்து புலம்புவார்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியற மாதிரி தூங்கு மாமா. குறட்டை விடு."

பனி கடுமையான நாட்களில் பள்ளி நூலகம் பகல் முழுதும் சூடாக இருக்கும், மதியம் அங்கே சூப் உண்டு, பாதை மூடினால் டிராக்டர்காரரை எந்த எண்ணில் கூப்பிடுவது, இலவச விறகுக்கு யாரிடம் பெயர் கொடுப்பது: எல்லாம் ரொட்டியோடு வீடு வீடாக வந்துவிடும். நோட்டீஸ் பலகையை எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு காலை, அவர் தன் தம்பி தோவாதெரின் வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோனார். கதவைத் தட்டினார், திறக்கவில்லை. உள்ளே போனபோது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தம்பியும் தம்பி மனைவியும் கட்டிலில் இருந்தார்கள். கத்துற பெட்டி சுவரில்தான் இருந்தது. அதன் பேட்டரிகள் ரிமோட்டில் இருந்தன. இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் கேட்டதும் இல்லை.

இந்த ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரிக்குப் போனது. ஆற்றோரத்துக் கடைசி வீட்டில் ருக்சாந்தாவும் அவள் மகள் இலிங்காவும் இருக்கிறார்கள். கணவன் சாண்டு இத்தாலியில் கட்டட வேலை செய்கிறான். அன்று அந்த வீட்டு ரிமோட்டில் சாதாரண பேட்டரிகள்தான் இருந்தன. ப்ரோஃபிரா திருப்தியாக நிமிர்ந்தார். சுவரில் வெறும் ஆணி மட்டும் இருந்தது.

"பெட்டி எங்கடி?"

ருக்சாந்தா மாவுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு கம்பளித் தொப்பி; தொப்பிக்குள் கருவி, பேட்டரி கழற்றப்பட்டு.

"அது கெட்டுப்போச்சுக்கா. புகைக்குழாய்த் தகட்டை மூடுனா போதும், கத்த ஆரம்பிச்சிடுது. திறந்தா நிறுத்திடுது. பிள்ளை பயந்து அழுவுறா. அவளுக்கு ஏற்கனவே காலைல தலைவலி, வாந்தி. பள்ளிக்கூடம் போனா சரியாயிடுது."

கணப்பில் தணல் சிவப்பாக இருக்கும்போதே தகட்டை மூடினால் சூடு விடியும்வரை நிற்கும். ஒரு கட்டை மிச்சமாகும். வெளியே போக வழியில்லாத நச்சு அறைக்குள் திரும்பும். எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். விறகு குறையும்போது மறந்துபோகும்.

ப்ரோஃபிரா திட்டவில்லை. தகட்டைத் திறந்தார், ஜன்னலைத் திறந்தார். உடனே இருவரையும் ரொட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து மருத்துவமனைக்கு வண்டியை விட்டார். அன்று ஊர் முழுக்க மதியத்துக்கு மேல்தான் ரொட்டி வந்தது.

நல்ல வேளை, மாலையே திரும்ப அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் போய் ப்ரோஃபிரா விறகைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. இலவச விறகுக்கு ஊராட்சியில் பெயர் கொடுக்கச் சொன்னார். ருக்சாந்தா மாட்டேன் என்றாள். விறகு வாங்குபவர்களின் பட்டியலை அலுவலகக் கதவில் ஒட்டுவது வழக்கம்.

"கதவுல என் பேரை ஒட்டுவாங்கக்கா. சாண்டு எங்களை விட்டுட்டான்னு ஊரே நின்னு படிக்கும்."

சாண்டு அக்டோபருக்குப் பிறகு போன் செய்யவில்லை. அது ப்ரோஃபிராவுக்குத் தெரியும். தலைக்குட்டைக்குள் காது கேட்காததுபோல் இருந்துவிட்டார். வீடு காற்றாடட்டும் என்று சொல்லி, அந்த வாரம் முழுக்க இரவில் இருவரையும் தன் வீட்டிலேயே படுக்கவைத்தார்.

மறுநாள் ரொட்டியோடு புதுச் செய்தி ஒன்றும் வந்தது: சனிக்கிழமை ருக்சாந்தா வீட்டில் க்ளாக்கா. ஊர் கூடி ஒரு வீட்டில் வேலை செய்வதுதான் க்ளாக்கா. கூலி கிடையாது, அந்த வீட்டுச் சாப்பாடு உண்டு. சாப்பாடு போடுகிறவள் யாருக்கும் கடன்பட்டவள் அல்ல. ருக்சாந்தாவிடம்தான் கடைசியாகச் சொன்னார்.

"ஊர்லயே காத்தடிக்காத முற்றம் உன்னோடதுதான். அவங்கவங்க விறகை இங்க கொண்டாந்து பிளந்துக்கப் போறாங்க. நீ களி கிண்டிப் போடு."

"எத்தனை பேருக்குக்கா?"

"பெரிய சட்டியா எடு."

சனிக்கிழமை பதினெட்டுச் சறுக்குவண்டிகள் கட்டைகளோடு ஆற்றோரம் இறங்கின. கோஸ்டாகே தாத்தா ஒரே ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டி, நாயைக் கூட்டிவருவதுபோல இழுத்து வந்தார். நாள் முழுக்கக் கோடரிச் சத்தம். ருக்சாந்தா மக்காச்சோளக் களியும் சோறு பொதிந்த முட்டைக்கோஸ் இலைச் சுருள்களும் பரிமாறினாள்; பிளம் சாராயமும் வந்தது. இருட்டத் தொடங்கும் நேரம், கிளம்ப எழுந்த தாத்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த முதுகை வச்சுக்கிட்டு எங்க இழுக்கறது? இங்கயே கிடக்கட்டும். தூக்கித் தூரப் போட்டுடாதே பொண்ணு."

அதன்பின் ஊரில் எல்லோருக்கும் முதுகுவலி வந்துவிட்டது. சறுக்குவண்டிகள் பாதிப் பாரத்தோடு மேடேறின. விறகு அடுக்கு ஜன்னல் விளிம்பைத் தொட்டது. ருக்சாந்தா கையில் கரண்டியோடு வாசலில் நின்று அதையே பார்த்தாள். பிறகு, போகிறவர்களை மறித்து இன்னொரு தட்டு சாப்பிடச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. தாத்தா இரண்டு முறை சாப்பிட்டார்.

ப்ரோஃபிரா உள்ளே போய்த் தொப்பிக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தார். இடது பையைத் துழாவிப் பேட்டரி போட்டு, ஆணியில் மாட்டினார். இலிங்காவைத் தூக்கி, நடுவிலிருந்த பொத்தானைக் காட்டினார். அழுத்திப் பார்த்தால்தான் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

"அமுக்கு கண்ணு. கத்தும், பயப்படாதே. நம்மளுக்காகத்தான் கத்துது."

குழந்தை அழுத்தியது. அறை அதிர அது அலறியது. இலிங்கா காதைப் பொத்திக்கொண்டாள், ருக்சாந்தாவும் பொத்திக்கொண்டாள், வாசலில் தாத்தா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். ப்ரோஃபிரா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, தலைக்குட்டையின் முடிச்சைத் தளர்த்தினார். ஒரு பக்கத் துணியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தைப் பெட்டியின் அருகே உயர்த்தி, அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.