மொனிரா கொட்டகை

இரண்டு வருடத்துக்கு முன்பு நாகர்கோவிலில், ஒரு நீட் பயிற்சி மையத்தின் வாசலில் நடந்தது இது. இன்றைக்கும் பஸ் அந்தத் தெரு வழியாகப் போனால் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

என் அம்மா கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிளஸ் டூ முடித்ததும் அம்மா என்னை அந்த மையத்தில் சேர்த்தார். அதை நடத்தியவரே உயிரியலும் எடுத்தார். முதல் மாதம், உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கும் ஐந்துலக வகைப்பாடு நடத்தி, ஒரு டெஸ்ட் வைத்து, மார்க்கைப் பார்த்து எங்களையும் ஐந்தாகப் பிரித்தார். மேல் மார்க் வாங்கியவர்கள் அனிமேலியா, அவர்களுக்கு ஏசி அறை. அப்புறம் பிளான்டே, பூஞ்சை, புரோட்டிஸ்டா. கடைசியாக மிஞ்சியவர்கள் மொனிரா. எங்களுக்குப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை. மழை பெய்தால் பாடம் காதில் விழாது. விழுந்துதான் என்ன, அவர் அங்கே எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

மொனிராவில் இருக்கும் பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது என்பது பாடம். "இதுகளுக்கும் உள்ளே ஒண்ணும் கிடையாது" என்று, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கும் நாட்களில் அவர் கொட்டகையைக் காட்டிச் சொல்வார். ஏசி அறை சிரிக்கும். கேவலம், முதல் தடவை நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் முட்டத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில் மையத்துக்காரர் எங்கள் இரண்டு பேரின் அம்மாக்களையும் கூப்பிட்டனுப்பி, இதுகள் இங்கிருந்து எழுதினால் மையத்தின் பெயர் கெட்டுவிடும், வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நிற்க வைத்தே சொன்னார்.

அதன்பிறகு நாங்களே படித்தோம். சனிக்கிழமை நான் முட்டத்துக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை அவள் கீரிப்பாறைக்கு வருவாள். விலங்குகள் எனக்கு எட்டிக்காய். அவள் பாறை ஓரத்து மணலில் கோடு போட்டு, வலையிலிருந்து கழித்துப் போட்டதையெல்லாம் எடுத்து வந்து பிரித்து வைப்பாள். நண்டு கணுக்காலி. கணவாய் மெல்லுடலி. நட்சத்திர மீன் பெயரில்தான் மீன், அது முட்தோலி. ஜெல்லி மீனுக்கு அங்கே சொறி என்று பெயர். தொடாதே, குச்சியால் தள்ளு என்பாள். அவளுக்குத் தாவரம் வராது. தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் பாசியும் பெரணியும்தானே, நான் இலையைத் திருப்பி அடியில் இருக்கும் வித்துப் புள்ளிகளைக் காட்டுவேன். அந்த ஏசி அறையில் ஒரு வருடம் இருந்திருந்தாலும் இவ்வளவு படித்திருக்க மாட்டேன்.

முடிவு வந்தது. எனக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது. அடுத்த தடவை சேர்ந்தே படிக்கலாம், நான் வந்து சொல்லித் தருகிறேன் என்றேன். சரி என்றாள்.

ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"ஏட்டி, சென்டர் வாசல்ல ஒனக்க போட்டோ பாத்தேன். நீ எனக்குத் தெரியாம திரும்பவும் அங்க போயி படிச்சியா?"

இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவே இல்லை. எனக்கு டாக்டர் சீட்டு கிடைத்த சந்தோஷமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

மறுநாள் அம்மா வேலை முடிந்து வந்த கையோடு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வாசலில் பெரிய பிளக்ஸ். 'எங்கள் மையத்தில் பயின்று மருத்துவராகும் மாணவச் செல்வங்கள்.' அந்த வரிசையில் நான். சேரும்போது கொடுத்த ரிப்பன் கட்டிய போட்டோவிலிருந்து என் தலையை மட்டும் எடுத்து, யாருடையதோ ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு.

உள்ளே போனால் ராஜ மரியாதை. அம்மாவுக்கு நாற்காலி, தோளில் ஒரு பொன்னாடை. ஒரு பையன் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்துவிட்டான். என் போட்டோவை எடுத்துவிடுங்கள் என்றேன். மையத்துக்காரர் சிரித்தார். ஒரு நாள் எங்கள் வாசலில் கால் வைத்தாலும் எங்கள் பிள்ளைதானே என்றார். அதோடு விட்டிருந்தால் கூட என் கோபம் அழுகையாகப் போயிருக்கும்.

"மொனிரான்னு சொன்னதே ஒன்ன உசுப்பேத்தத்தான் மக்கா. பாத்தியா, பலிச்சிருக்கு."

"முட்டத்துப் பிள்ளயையும் அப்படித்தானே உசுப்பேத்துனீங்க. அவளுக்க போட்டோ எங்க சார்?"

அவர் டீ கொண்டுவரச் சொல்லிப் பையனைப் பார்த்துக் கத்தினார். அம்மா பொன்னாடையை எடுத்து, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். வாசலுக்கு வந்ததும் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பால்வெட்டுக் கத்தியை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது இவ்வளவுதான்:

"மத்த பிள்ளியளுக்க மொகத்துல படாம வெட்டு."

காம்பவுண்ட் திண்டில் ஏறி என் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். வாட்ச்மேன் ஓடிவந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார். வெட்டிய துண்டைச் சுருட்டிக்கொண்டு நேராக முட்டம் பஸ்ஸில் ஏறினோம்.

அவள் வாசலில் வலை உதறிக்கொண்டிருந்தாள். நான் துண்டை விரித்துக் காட்டினேன். வலையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் கோட்டு அங்கன தலயில்லாமலா நிக்குது?"

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். என்மேல் இருந்த கோபம் போய்விட்டது, அது எனக்குப் போதும். ஆனால் அவள் மறுபடி பரீட்சை எழுதவே இல்லை. எவ்வளவோ கெஞ்சினேன். உள்ளே ஒன்றும் கிடையாது என்று அந்த ஆள் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். எனக்கு முட்தோலியும் மெல்லுடலியும் சொல்லித் தந்தவள் இன்று ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அந்த மையத்தில் கொட்டகை இன்னும் இருக்கிறதாம், பெயரும் அதேதானாம்.

நுண்ணுயிரியல் வகுப்பில் பாக்டீரியா என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரக் கூரைதான் ஞாபகம் வருகிறது. இந்தக் கோபம் ஆறவேண்டாம் என்றே நினைக்கிறேன், நாளைக்கு என் முன்னால் வந்து உட்காரும் நோயாளி ஒருவரை நானும் பார்த்த பார்வையிலேயே ஏதாவது ஒரு கொட்டகைக்கு அனுப்பிவிடாமல் இருக்க எனக்கு அது வேண்டும்.