அருகே அழைத்த பிழை

நான் பிராங்பேர்ட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன். சென்ற ஆண்டு எலும்புப் பரிசோதனைக்காக மருத்துவமனை சென்றிருந்தேன். கதிரியக்க மருந்தை ஊசிவழி ஏற்றியவர் யாழ்ப்பாணத்துப் பெண் என்றறிந்து பெருமகிழ்வு கொண்டேன். அவரோ ஏற்றியதும் விரைந்து கதவோரம் போய் நின்றார். அதை அவமதிப்பென்றே கருதினேன்.

"என்ன பிள்ளை, கிழவனுக்குக் கிட்ட நிக்க அருவருப்போ?"

முகம் வாடி அருகே வந்தார். அவர் கையைப் பற்றியவாறு ஊரையும் உறவையும் நெடுநேரம் வினவினேன். பின்னரே அவர் சட்டையில் குத்தியிருந்த சிறு கருவியைக் கண்டு, அது யாதெனக் கேட்டேன்.

"என்னில எவ்வளவு கதிர் படுதெண்டு அளக்கிறது, ஐயா. இப்ப அது உங்கட உடம்பில இருந்துதான் வருது. உங்களைப்போல ஒவ்வொரு நாளும் கனபேர் வருவினம்."

"முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை!"

"அருவருப்போ எண்டு கேட்டிட்டியள். பிறகு எப்பிடித் தள்ளி நிக்கிறது?"

கையை உடனே விட்டேன். "கொஞ்சம்தான், ஐயா, பயப்பிடாதேங்கோ" என்று அவரே எனக்கு ஆறுதல் கூறியது நாணத்தை மிகுவித்தது.

அதன்பின்னும் சில மாதங்களுக்கொருமுறை அதே பரிசோதனைக்கு அவரிடமே செல்கிறேன்; இப்போதெல்லாம் வினவவேண்டியவற்றை ஊசிக்கு முன்பே வினவிவிடுகிறேன். பின்னர் அவர் கதவோரம் நின்று நலம் கேட்டால், இருந்த இடத்திலிருந்தே கைகூப்புகிறேன். அன்று அக்கருவி எவ்வளவு காட்டியதென்று கேட்க மட்டும் இன்னும் துணிவு வரவில்லை.