குளிசை முகம்

என் கல்லீரலை என் உடம்பே தாக்குகிறது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வந்தது பயமில்லை, கோபம். வெளியிலிருந்து ஒரு கிருமி வந்து அடித்தால் அது வேறு. காவலுக்கு வைத்த ஆளே வீட்டை உடைத்தால் யாரிடம் போய் முறையிடுவது? இது குடியால் வந்ததில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது என்று அவர் நிதானமாக விளக்கினார். குளிசையை ஒழுங்காகப் போட்டால் நோய் அடங்கிக் கிடக்கும். நானாக நிறுத்தினால் மறுபடி கிளம்பும்.

லண்டனில் நாங்கள் இருக்கும் ரெய்னர்ஸ் லேனுக்கு நான் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது. ஈரல் பழுது என்றால் எங்கள் சனத்துக்கு அது குடிதான். தேத்தண்ணியைத் தவிர வேறொன்றையும் வாயில் வைத்தறியாத என்னை, கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளை, வீட்டில ஆரும் எடுக்கிறவையோ?"

"ஓம் அன்ரி. நான்தான். காலமை ஒரு போத்தல், பின்னேரம் ஒரு போத்தல்" என்றேன்.

அவர் வெண்டிக்காயைக் கூடையோடு வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பகிடியை அவர் ஊரெல்லாம் உண்மையாகவே சொல்லித் திரிந்தார் என்று பிறகு அறிந்தேன். சொல்லட்டும். இன்னொருவர் கண் மஞ்சளாகும் செங்கமாரிக்குக் கைகண்ட மருந்தென்று கீழ்க்காய்நெல்லித் தூள் கொண்டுவந்து தந்தார். கேட்காமல் எந்த மூலிகையும் எடுக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருந்ததால் அது நேரே குப்பைக்குப் போனது.

ஸ்டீரொயிட் குளிசை ஈரலை ஆற்றியது, முகத்தை ஊதவைத்தது. கன்னம் இரண்டும் பணிஸ் மாதிரி. பசியோ பேய்ப் பசி. கோபமும் குளிசையால்தான் வருகிறதென்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தார். பாவம், அது கலியாணத்துக்கு முதலே இருந்தது அவருக்குத் தெரியாததில்லை.

இரத்தம் எடுக்கும் வரிசையில்தான் கொலம்பியாக்காரியைச் சந்தித்தேன். பெயர் கேட்குமுன் முகத்தைப் பார்த்தே இருவரும் கண்டுபிடித்துவிட்டோம். அதே வட்டம், அதே நோய், அதே குளிசை. அவளுடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல், அதனால் நன்றாக விளங்கியது. விடியுமுன் அலுவலகங்கள் துடைக்கும் வேலை அவளுக்கு. கண் மஞ்சளானபோதும் ஷிப்டை விட்டால் சம்பளம் இல்லையென்று ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு பெரியம்மா ஏதோ இலையை அவித்துக் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொலைபேசியில் மொழிபெயர்த்த ஆள் மூலம் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு குடிப்பாய் என்பது. நோயின் பெயர் தெரியவந்தபோது அவளுடைய ஈரல் தழும்பேறிப் போயிருந்தது.

அதற்குப் பிறகும் ஒருமுறை அவள் குளிசையை நிறுத்தினாள். மகளுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்காக. அவர்களிடம் அது பெரிய சடங்காம். மண்டபம், குடைபோல விரிந்த சட்டை, நடனம், சொந்தபந்தம் முழுக்க. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் நாங்கள் செய்யும் சாமத்திய வீட்டில் குதிரை வண்டி உண்டு என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர்களிடம் அதுவும் உண்டாம்.

படத்தில் முகம் மெலிவாக விழவேண்டும் என்றுதான் நிறுத்தியிருக்கிறாள். விழத்தான் செய்தது. ஆனால் படங்கள் வந்தபோது அவள் வார்டில் கிடந்தாள். வேறு ஈரல் வைக்க வேண்டிவரலாம் என்று கட்டிலடியில் நின்று மருத்துவர்கள் பேசினார்களாம். தப்பி வந்தாள். முன்னிலும் கூடுதலான குளிசையோடும் முன்னிலும் பெரிய முகத்தோடும்.

அடுத்த வருடம் என் மகள் பெரியபிள்ளையானாள். மண்டபம் பிடித்தோம். மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, பொறுப்பெல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒரு மாசம்தானே, அந்தக் குளிசையை விடும். வீடியோ காலத்துக்கும் நிக்கும். உம்மட முகத்தைப் பாத்துச் சனம் என்ன சொல்லும்?"

"சொல்லுறதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கினம். என்னால ஏலாது மச்சாள்."

"அப்ப நீர் பின்னுக்கு நில்லும். ஆலாத்தியை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஆலாத்தி எடுப்பது சோடி சோடியாக. இரண்டு பெண்கள் திரி எரியும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிள்ளையின் முன் சுற்ற வேண்டும். மச்சாள் எல்லோரையும் சோடி சேர்த்தார், எனக்கு மட்டும் ஆளில்லை. சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. கொலம்பியாக்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை. என்ன உடுப்பது என்றுதான் கேட்டாள். என் சேலையொன்றைக் கொடுத்தேன். சேலைச் சட்டைக்குள் இருவருக்கும் கை போகவில்லை. டூட்டிங்கில் தையற்காரர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டுக்கும் தையலைப் பிரித்து அகட்டித் தந்தார்.

அன்று மேடையடியில் மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தார். ஆலாத்திக்குப் புருஷனோடு வாழும் பெண்தான் நிற்கலாம் என்பது எங்கள் வழக்கம்.

"இவவின்ர மனிசன் விட்டிட்டுப் போனவராமே! தட்டைத் தொடவிடாதேயும்."

"மனிசன் இல்லைத்தான் மச்சாள். பாதி ஈரலாவது இருக்கு. தட்டுப் பிடிக்க அது காணும்."

நாங்கள் ஏறினோம். வீடியோத் தம்பி கமெராவைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "அக்கா, முகத்தைப் பிறகு கொம்பியூட்டரில மெலிவாக்கித் தரலாம்" என்று ரகசியமாகச் சொன்னான்.

"என்ர முகத்தில கை வைச்சீரெண்டா உமக்குக் காசில்லை" என்றேன். ரகசியமாகச் சொல்லவில்லை. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

நானும் அவளும் தட்டைப் பிடித்தோம். நான் வலப்பக்கம் சுற்ற அவள் இடப்பக்கம் இழுக்க, திரி இரண்டும் ஆடின. பிறகு சரிவந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருடம் முழுக்க இருக்கவில்லை. மகள் பூவும் நகையுமாக, சொல்லிக்கொடுத்த சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். தட்டு அவளுடைய முகத்துக்கு நேரே வந்தபோது அந்தச் சிரிப்புப் போய்விட்டது.

"அம்மா, டுடே டேப்லெட் போட்டீங்களா?"

போடவில்லை. விடியற்காலையிலிருந்து அலங்காரக்காரி, ஐயர், பூக்காரர் என்று ஓடியதில் சாப்பிடவுமில்லை.

"போடேல்லயம்மா. மறந்து போனன்."

"மாமி சொன்னா, நீங்க ஸ்டொப் பண்ணப் போறீங்க எண்டு. எனக்காக." மாமி என்றது என் மச்சாளை.

மகள் கொலம்பியாக்காரியைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். கொலம்பியாக்காரி குளிசையை நிறுத்தி வார்டில் கிடந்த கதையை வீட்டில் நான்தான் சொல்லியிருந்தேன். பிள்ளை அதை எண்ணி எண்ணி, எனக்கு முன்னால் ஒரு சொல்லும் சொல்லாமல், இத்தனை நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

தட்டைக் கீழே வைத்தேன். வெறும் வயிற்றில் போடக்கூடாது. மேடையில் சோடித்து அடுக்கியிருந்த பலகாரத் தட்டிலிருந்து ஒரு பயித்தம் பணியாரத்தை எடுத்துக் கடித்தேன். "ஐயோ, சாமிக்குப் படைக்க முதல்!" என்று மச்சாள் கீழேயிருந்து கத்தினார். கைப்பையிலிருந்து குளிசைகளை எடுத்தேன். கொலம்பியாக்காரி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். வீடியோத் தம்பி கமெராவை மறுபக்கம் திருப்பப் பார்த்தான்.

"இங்காலை திருப்பும் தம்பி. கிட்ட வந்து வடிவா எடும்."

கிட்ட வந்தான். நான் குளிசைகளை விழுங்கி, வாயை அகலத் திறந்து என் பிள்ளைக்குக் காட்டினேன்.