படகுக்காரனுக்குச் சாகாவரம்

பல்செட் செய்கிறவர் என்பதால் ஊருக்கே அவர் 'பல்லண்ணன்'. பல் மருத்துவமனையின் பின்னறையில் பகலெல்லாம் பிளாஸ்டர் குழைத்து அச்சு எடுப்பார். வீட்டுக்கு வந்தால் மந்திர தந்திரக் கதை. ஒரு வார இதழில் அவருடைய தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. சாவே இல்லாத ஒரு மாயக்காரி, நரை விழத் தொடங்கிய ஒரு படகுக்காரனைக் காதலிக்கிறாள்.

கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்ததும் தலைகால் புரியவில்லை அவருக்கு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு வாசித்துக் காட்டினார். படகுக்காரன் குடிக்கும் தண்ணீரில் மாயக்காரி சாகாவரத்தைக் கலந்துவிடுகிறாள். இருவரும் என்றென்றும் வாழ்கிறார்கள். சுபம்.

மனைவி பஸ் ஓட்டுநர். வளைவு நெளிவு இல்லாமல்தான் பேசுவாள்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?"

"காதல்ல போய் யாராவது அனுமதி கேப்பாங்களா?"

"என்னைக் கேக்காம எனக்கு அப்படிக் கலந்து குடுத்துப் பாருங்க. ஆயிரம் வருஷம் உங்க குறட்டையைக் கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

பல்லண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரசனை கெட்டவள் என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தார்.

மறுநாள் பல்செட் பொருத்திக்கொள்ள ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர், தொடரை ஒரு வாரம்கூடத் தவறவிடாதவர்.

"தம்பி, அந்தப் படகுக்காரனை மட்டும் சாகடிச்சுடாதீங்க."

தன் பக்கம் பேச ஆள் கிடைத்தார் என்று பல்லண்ணன் நிமிர்ந்தார். "சாகாவரம் கிடைச்சிருந்தா, உங்க வீட்டம்மாவுக்குக் கேக்காமலே குடுத்திருப்பீங்கல்ல?"

"குடுத்திருப்பேன். கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேன்." பெரியவர் சற்று யோசித்தார். "அப்புறம் காலமெல்லாம் என்கூடப் பேசியிருக்க மாட்டா. அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா!"

அன்று மாலை பல்லண்ணன் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டார். புதிய பிரதியில் மாயக்காரி சாகாவரம் கலந்த கிண்ணத்தை நீட்டி, "குடிக்கிறாயா?" என்று கேட்டாள். கேட்டதோடு சரி, பேனா நகரவில்லை. வெட்கத்தை விட்டு மனைவியிடமே போனார்.

"இப்ப அவன் என்னதான் சொல்வான்?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்பான். இன்னிக்குப் படகுல ஓட்டை அடைக்கிற வேலை இருக்கும்ல?"

அப்படியே எழுதினார். மாயக்காரி தினமும் கேட்கிறாள். அவன் தினமும் நாளைக்கு என்கிறான். ஓட்டை அடைக்கிறான், அவளோடு சண்டை போடுகிறான், சிரிக்கிறான், கிழவனாகிறான். ஒருநாள் கிண்ணத்தை நீட்ட ஆள் இருக்கிறாள். வாங்க ஆள் இல்லை.

இதழ் வந்ததும், படகுக்காரனைச் சாகவிட்டதற்காகப் பத்திரிகை ஆசிரியருக்கு வாசகர்களின் வசை மழை. தபால்காரரும் விடுவிடுவென்று பின்னறைக்குள் நுழைந்தார். பல்லண்ணன் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"சரியான பிடிவாதக்காரன்யா உங்க படகுக்காரன்!" என்றார் பெரியவர். "எங்க வீட்லயும் ஒருத்தி இருந்தா, கேளுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதில், கிண்ணத்திலிருந்த பிளாஸ்டர் கல்லாகிப்போனது.